ஏழாவது விதி

"மொத்தம் இருநூத்திப் பதினாலு பேர். அதுல ஒருத்தி துரோகி. இன்னைக்குச் சாயந்திரம் ஆறு மணிக்குள்ள யாருன்னு தெரியணும்" என்றாள் அட்மின் அக்கா.

"இருநூத்திப் பதினாலு பேரையும் ஒரே நாள்ல சந்தேகப்படணுமா?" என்றாள் கொசுறு. "என்னால ஒரு நாளைக்கு அம்பது பேரைத்தான் முடியும். அதுக்கு மேலன்னா ஓவர்டைம்."

மேசைக்கு அந்தப் பக்கம் துப்பறிவாளன் உட்கார்ந்திருந்தான். எந்த வாக்கியத்தையும் பாதியில் விட்டுவிட்டு மீதியைக் கேட்பவர் தலையில் கட்டுவது அவன் வழக்கம். அதனால் கொசுறு அவனுக்கு அரைவரி என்று பெயர் வைத்திருந்தாள். அவளுக்குக் கொசுறு என்று பெயர் வைத்தது அவன். முன்பு தட்டச்சு நிலையமாக இருந்த இந்த அறையை வாடகைக்கு எடுத்தபோது இரண்டு நாற்காலி, ஓடாத மின்விசிறி, அங்கே வேலை பார்த்த இவள், மூன்றும் சேர்ந்தே வந்தன.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நீலச் சீருடை, வெள்ளை ரப்பர் செருப்பு. ஹோம் நர்ஸ். படுத்த படுக்கையாகிவிட்டவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிற வேலை. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு வீட்டில், தனியாக. எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மருமகன் கதவைத் தட்டுவான் என்று ஒருத்திக்கொருத்தி எச்சரித்துக்கொள்ள அவள் போனில் ஒரு குழு ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. குழுவின் பெயர் 'ஷிஃப்ட் முடிஞ்சது'. இன்று ராத்திரி டூட்டிக்காரியை ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கச் சொல்லிவிட்டு இங்கே வந்திருந்தாள்.

போனை மேசையில் வைத்தாள். கண்ணாடி முழுக்க விரிசல். குழுவின் விதிகள் திறந்திருந்தன. கொசுறு எடுத்து உரக்கப் படித்தாள்.

"வீட்டுப் பேர் எழுதக் கூடாது. இங்கே படிச்சதை அடுத்தவங்களுக்குக் காட்டக் கூடாது. நோயாளி படம் போடக் கூடாது. காலை வணக்கப் பூ கூடாது. திட்டணும்னா தனியாக் கூப்பிட்டுத் திட்டணும். புதுசாச் சேர்றவங்களுக்கு ரெண்டு பேர் ஜாமீன் நிக்கணும்... அக்கா, என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைக்கூட எங்க வீட்ல இவ்வளவு விசாரிக்கல."

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"அதான் விசாரிக்கலைன்னு சொல்றேனே, நின்னுபோச்சு. ஆமா, இந்த உடைஞ்ச கண்ணாடில இவ்வளவு நீளமா எப்படி அடிச்சீங்க? எனக்கு இதுல ஒரு திட்டுகூட முழுசா அடிக்க வராது."

"மொதல் ஆறு பழைய வேலையில இருந்தப்போ மத்தியானத்துல உக்காந்து நிதானமா அடிச்சது. ஏழாவது மட்டும் இந்த போன்ல. கோவத்துல. ஒரு மணி நேரம் போராடினேன்."

ஏழாவது விதி இரண்டே வரி. 'இங்கே பேசியது வெளியே போகக் காரணமானவர் யாராக இருந்தாலும் அன்றே நீக்கப்படுவார். விளக்கம் கேட்கப்படாது.'

"கோவம் யார் மேல?" என்றான் அரைவரி.

அக்கா சொன்னாள். ரெண்டு மாசமாகக் குழுவில் பேசுவது வெளியே போகிறது. போன செவ்வாய்க்கிழமை, எல்லாரும் சுருட்டை என்று கூப்பிடுகிற பெண், ஏஜென்சி தன்னை அனுப்பிய வீட்டில் தன்னையும் கிழவியையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்காரர்கள் வெளியூர் போய்விட்டார்கள் என்று எழுதினாள். ஒரு மணி நேரத்தில் ஏஜென்சி மேனேஜர் கூப்பிட்டு, அவள் எழுதியதை எழுத்து மாறாமல் அவளுக்கே ஒப்பித்துவிட்டு வேலையை விட்டு நிறுத்தினார். ஏஜென்சி விடுதியில் இருந்த படுக்கையும் போயிற்று. அவள் மூன்றாவது ஆள்.

"குழுவில இன்னும் அந்த ஏஜென்சிக்கு வேலை பாக்கறது மூணு பேர்தான். நானும் அங்க இருந்தவதான், ரெண்டரை மாசத்துக்கு முன்னால விட்டுட்டேன். மிச்சம் இருக்கறது சீனியர், ட்ரிப்ஸ், சைலன்ட்."

"ட்ரிப்ஸ்னா?"

"கண்ணை மூடிக்கிட்டு ஊசிக்கு நரம்பு பிடிப்பா. சைலன்ட் ஒரு வார்த்தை எழுத மாட்டா, ஒண்ணு விடாமப் படிப்பா. சீனியர், மேனேஜரோட ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து போனதை யாரோ பாத்திருக்காங்க. அவ்வளவுதான். அவதான்னு முடிவு பண்ணிட்டாங்க. இன்னைக்கு ஆறு மணிக்கு அவளை நீக்கச் சொல்லி நூத்தி எழுபது பேர் கை தூக்கியாச்சு."

"ஒரு குழுவில இருந்து நீக்கினா என்னக்கா குடி முழுகிடும்?"

"அவளுக்கு வயசு அம்பத்திரண்டு. எங்க வேலை ரெண்டு ஆள் வேலை பாப்பா. பகலுக்கு ஒருத்தி, ராத்திரிக்கு ஒருத்தி. பேர் கெட்டவளோட எவளும் ஷிஃப்ட் மாத்திக்க மாட்டா. மாத்திக்க ஆள் இல்லைன்னா எந்த வீட்லயும் சேக்க மாட்டாங்க." அக்கா விரலை நெட்டி முறித்தாள். "என் மொத டூட்டியில நோயாளி கண் முன்னால செத்துப்போனப்போ விடியற வரைக்கும் என்கூட உக்காந்திருந்தவ அவ."

போன் மேசைமேல் இரண்டு தடவை அதிர்ந்து நின்றது. அக்கா எடுத்துப் பார்த்துச் சலித்துக்கொண்டாள். "இது வேற. அதிருது, எடுத்துப் பாத்தா புதுசுன்னு புள்ளி காட்ட மாட்டேங்குது. ஏற்கனவே படிச்ச மாதிரி கிடக்குது. கண்ணாடியோட மூளையும் போயிடுச்சு போல."

"எப்பலேர்ந்து?" என்றான் அரைவரி.

"ரெண்டு மாசம் இருக்கும். ஏன்?"

அவன் ஒரு தாளில் மூன்று வரி எழுதி அவளிடம் தள்ளினான்.

மூன்று பேருக்கும் அக்கா தனித்தனியாகச் செய்தி அனுப்ப வேண்டும். 'சுருட்டை விஷயமாக நாலு பேர் ரகசியமாகக் கூடுகிறோம். நீ டூட்டியில் இரு, வர வேண்டாம், தகவலுக்குச் சொல்கிறேன். யாரிடமும் மூச்சு விடாதே.' இடமும் நேரமும் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. சீனியருக்குப் பத்து மணி, நூலக வாசிப்பறை. ட்ரிப்ஸுக்குப் பதினொன்று, பஸ் டிப்போ. சைலன்டுக்குப் பன்னிரண்டு, ஆஸ்பத்திரி எதிரே ஜெராக்ஸ் கடை.

"மேனேஜர் எந்த இடத்துக்கு வர்றாரோ..." என்றான்.

"அந்த இடத்தோட ஆள் அகப்பட்டா" என்று முடித்தாள் கொசுறு.

*

பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே மேனேஜர் நூலகத்துக்குள் வந்தார். ஏஜென்சி விளம்பரத் தாளில் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பவர் இங்கே சிரிக்கவில்லை. ஒரு கையில் ஹெல்மெட், கக்கத்தில் சிவப்பு ரப்பர் உறை போட்ட டேப்லெட். பெண்கள் உட்காரும் வரிசையை ஒருமுறை நோட்டம் விட்டார். ஒரு நாளிதழை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

கொசுறுவின் முகம் சுருங்கிவிட்டது. "சீனியரா? ச்சே. கடைசி வரைக்கும் அவங்களா இருக்கக் கூடாதுன்னு பாத்தேன். முடிஞ்சுது பாஸ், கிளம்பலாம்."

"இன்னும் ரெண்டு இடம்..."

"எதுக்கு? பஸ் டிப்போல கால் வலிக்க நிக்கறதுக்கா?"

நின்றார்கள். பதினொன்றுக்கு அதே ஹெல்மெட் டிப்போ வாசலில் இறங்கியது. மேனேஜர் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று, டேப்பைத் திறந்து பார்த்தார், தூணுக்கு வெளியே எட்டிப் பார்த்தார், மறுபடி டேப்பைப் பார்த்தார்.

"ட்ரிப்ஸுமா?" என்றாள் கொசுறு. "ரெண்டு துரோகியா?"

பன்னிரண்டுக்கு ஜெராக்ஸ் கடை. நாலு பேர் வரிசையில் நின்றார்கள். ஐந்தாவதாக மேனேஜர். கொசுறு போய் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"சார், எத்தனை காப்பி?"

"ம்? இல்லம்மா. இங்க நர்ஸுங்க யாராவது கூட்டமா வந்தாங்களா?"

"எதுக்கு சார், ஊசி போடணுமா?"

அவர் விருட்டென்று டேப்பை மூடிக்கொண்டு நகர்ந்தார். கொசுறு திரும்பி ஓடி வந்தாள், மூச்சு வாங்கியது. "மூணு பேரும் பாஸ்! ஒண்ணு கேட்டோம், மூணு கிடைச்சிருக்கு. அக்கா இதை எப்படித் தாங்கப்போறாங்களோ."

அரைவரி ஸ்கூட்டர் திரும்பிப் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். "சீனியருக்குத் தெரிஞ்சது நூலகம் மட்டும். ட்ரிப்ஸுக்கு டிப்போ மட்டும். மூணு இடமும் தெரிஞ்சவங்க எத்தனை பேர்?"

"நீங்க. நான்." அவள் சட்டென்று இரண்டு கையையும் தூக்கினாள். "பாஸ், நான் இல்ல. சத்தியமா இல்ல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீ சொல்லியிருந்தா மேனேஜருக்கு மட்டுமா தெரிஞ்சிருக்கும்?"

கோபப்பட வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். மூன்றாவது ஆள் யார் என்பது அவள் முகத்தில் மெதுவாகத் தெரிந்தது.

"அக்காவா?"

*

அக்கா டூட்டி பார்க்கும் வீடு இரண்டாவது மாடியில். பக்கவாதத்தில் விழுந்த ஒரு பெரியவர். சுவரில் அட்டவணை: இரண்டு மணிக்கு இடப்பக்கம், நான்கு மணிக்கு வலப்பக்கம். புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அவர்கள் உள்ளே நுழைந்தபோது அக்கா அவர் தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து நின்றிருந்தாள். சாய்ந்த முதுகுக்குப் பின்னால் சுருட்டிய துண்டை வைக்க வேண்டியிருந்தது. அரைவரியின் கை தானாக நீண்டு அதைச் சரியான இடத்தில் செருகியது.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "எங்க கத்துக்கிட்டீங்க தம்பி?"

"வீட்ல." அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "மூணு இடத்துக்கும் மேனேஜர் வந்தார்."

அக்கா பெரியவரின் போர்வையை இழுத்துவிட்டாள். கொசுறு பேசினாள். "மூணும் தெரிஞ்சது உங்களுக்கு மட்டும்தான் அக்கா."

"அப்ப என்னைப் பிடிக்க நானே உங்களைத் தேடி வந்தேனா?"

"சந்தேகம் தன் பக்கம் வராம இருக்க அது நல்ல வழி" என்றான் அரைவரி. "உங்க போனைக் கொஞ்சம்..."

அக்காவின் கை சீருடைப் பையை இறுக்கி மூடியது. "தர மாட்டேன். இதுல அவ்வளவு பேர் வீட்டு வாசலும் இருக்கு. அடுத்தவங்களுக்குக் காட்டக் கூடாது. ரெண்டாவது விதி."

"பாத்தீங்களா பாஸ், மறைக்கறாங்க!"

"ஏம்மா, உன் வாயைக் கொஞ்சம் மூடறியா? அவர் தூங்கற நேரம்."

பெரியவர் தூங்கவில்லை. நல்லபடியாக இருக்கிற ஒரு கண்ணால் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ரூம்ல ரகசியம் வெளியே விடாதவர் இவர் ஒருத்தர்தான்" என்று முணுமுணுத்தாள் கொசுறு.

அரைவரி இரண்டடி பின்னால் போய் நின்றான். "நீங்களே திறங்க. குழுவுக்குள்ள போக வேண்டாம். செட்டிங்ஸுக்குள்ள போனா 'இணைக்கப்பட்ட சாதனங்கள்'னு ஒண்ணு இருக்கும்."

அக்கா சந்தேகத்தோடு அவனைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். விரிசலுக்கு நடுவே விரல் தடுமாறியது. அந்த இடத்துக்கு அவள் போய் ரொம்ப நாளாகிறது என்பது பார்த்தாலே தெரிந்தது. கடைசியில் திறந்தது. அங்கே ஒரே ஒரு வரி இருந்தது. ஒரு டேப்பின் பெயர். அதன் கீழே 'கடைசியாகச் செயலில்: இன்று 2:07'.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு எட்டு.

அக்கா அந்தப் பெயரை இரண்டு முறை படித்தாள். "ஏஜென்சி டேப்."

"சிவப்பு உறையா?" என்றான் அரைவரி.

"எல்லாருக்கும் ஒண்ணு கொடுப்பாங்க. சூடு, பிரஷர், புரட்டின நேரம் எல்லாம் அதுல பதியணும். இந்த போன்ல எழுத்து வரலைன்னு குழுவை அதுல இணைச்சேன். மத்தியானத்துல நோயாளி தூங்கறப்போ... விதியெல்லாம் அதுலதான் அடிச்சேன். வேலையை விட்ட அன்னைக்குச் சுத்தமாத் துடைச்சு, கையெழுத்துப் போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்."

"துடைச்சீங்களா? எதை வச்சு?" என்றாள் கொசுறு.

"ஸ்பிரிட் பஞ்சுல. உறையைக் கழட்டி, இடுக்கு விடாம. ஒரு கிருமி இருந்திருக்காது."

"உள்ள இருநூத்திப் பதினாலு பேரை விட்டுட்டீங்க அக்கா."

யாரும் சிரிக்கவில்லை. சொன்ன கொசுறுவே சிரிக்கவில்லை.

"அதனாலதான் புள்ளி வரல" என்றாள் அக்கா மெதுவாக. "எனக்கு முன்னால அவர் படிச்சிருக்கார். தினம்."

அரைவரி அந்தத் திரையை மட்டும், பக்கத்தில் கடிகாரமும் தெரிகிற மாதிரி, தன் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

"ஒரு தட்டு தட்டினா துண்டாயிடும். தட்டுங்க" என்றாள் கொசுறு.

அக்கா தட்டவில்லை. மணியைப் பார்த்தாள். "தம்பி, இது நம்ம மூணு பேருக்கு மட்டும்தானே தெரியும்?"

அவன் அவளைக் கூர்ந்து பார்த்தான். "எங்களைத் தேடி வந்தவங்க ரகசியம் வெளிய போகாது. எங்களுக்கும் ஒரு விதி இருக்கு."

"அப்ப நான் இதைத் துண்டிச்சிட்டுப் பேசாம இருந்தா?"

"கசிவு நின்னுடும்."

"யாருக்கும் தெரியாது."

"தெரியாது. ஆறு மணிக்கு சீனியர்..." அவன் அங்கேயே நிறுத்தினான். இந்தத் தடவை மீதியைக் கொசுறுகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆறு வரைக்கும் இது இப்படியே இருக்கட்டும்" என்றாள் அக்கா. "நீங்க போங்க. எனக்கு வேலை இருக்கு."

*

எதிர்ப்பக்கப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொசுறு தன் போனில் அதே இடத்தைத் திறந்து மூன்று முறை பார்த்தாள். எதுவும் இணைந்திருக்கவில்லை. நாலாவது முறையும் பார்த்தாள்.

"மறைச்சிடுவாங்க பாஸ். எழுதி வச்சுக்கோங்க. இல்லன்னா அப்பவே ஏன் துண்டிக்கல? ஏதோ யோசனை ஓடுது. சீனியரை அனுப்பிட்டு அப்புறமா சத்தமில்லாம வெட்டிடுவாங்க. நானா இருந்தா அதைத்தான் செய்வேன்."

"நீயா?"

"சரி, ரெண்டு நாள் தூங்காம இருந்துட்டுச் செய்வேன்."

நான்கு மணிக்கு ஜன்னலுக்குள் ஒரு நிழல் குனிந்து நிமிர்ந்தது. வலப்பக்கம். அதன் பிறகு அது நாற்காலியில் உட்கார்ந்து, கையில் எதையோ வைத்துக்கொண்டு, அசையாமல் இருந்தது. ஒன்றரை மணி நேரம். அரைவரிக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது. உட்கார்ந்து எழுதுகிறவள் எழுதியதை அழிக்கவும் செய்யலாம்.

ஆறு பத்துக்கு அக்கா படி இறங்கி வந்தாள். ராத்திரி ஷிஃப்டுக்காரி மேலே போயிருந்தாள். நேராக இவர்களிடம் வந்து போனை நீட்டினாள்.

"இதை மட்டும் படிக்கலாம். நான் எழுதினது."

'இது எல்லாருக்கும். சிவப்பு டேப்பில் படித்துக்கொண்டிருக்கும் மேனேஜருக்கும் சேர்த்து. மூன்று பேர் வேலை போனது என்னால். டேப்பைத் திருப்பிக் கொடுத்தபோது குழுவை அதிலிருந்து எடுக்காமல் கொடுத்துவிட்டேன். சீனியர் மேல் தப்பு இல்லை. அவள் ஒரு நாள் ஸ்கூட்டரில் போனது கால் சுளுக்கினதால், வேறு எதற்கும் இல்லை, இன்றுதான் கேட்டேன், முன்பே கேட்டிருக்க வேண்டும். எல்லாரும் உங்கள் போனில் இணைக்கப்பட்ட சாதனங்களை இப்போதே பாருங்கள். ஏழாவது விதி எனக்கும் சேர்த்துத்தான்.'

"போட்டுட்டு ரெண்டு நிமிஷம் விட்டேன்" என்றாள். "அவர் முழுசாப் படிக்கட்டும்னு. அப்புறம்தான் துண்டிச்சேன். சீனியரை அட்மின் ஆக்கிட்டேன்."

செய்திக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. நீங்கள் குழுவிலிருந்து வெளியேறினீர்கள்.

கொசுறு போனைத் திருப்பிக் கொடுத்தாள். பஸ் வருகிறதா என்று பார்த்தாள். அக்கா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். ஒன்றரை வருடமாக நாளெல்லாம் அதிர்ந்துகொண்டிருந்த சாமான் இப்போது வெறும் கண்ணாடித் துண்டாகக் கிடந்தது.

இரண்டு பஸ் போன பிறகு அது அடித்தது. எதிர்முனைக் குரல் மூன்று பேருக்கும் கேட்டது.

"ஏண்டி, உனக்கு அறிவு இருக்கா? விளக்கம் கேட்கப்படாதுன்னு எழுதி வச்சிட்டு, இப்ப நீயே ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதிட்டு ஓடிட்டே!"

"சீனியர்..."

"பேசாதே. இப்ப நான் அட்மின். அந்த ரெண்டாவது வரியைத் தூக்கிட்டேன். இனிமே எவளா இருந்தாலும் கேட்டுட்டுத்தான் மத்தது. என்னை ஒருத்தி ஒரு வார்த்தை கேட்டிருந்தா சுளுக்குன்னு சொல்லியிருப்பேன். அதை விடு. நீ திரும்ப உள்ள வரணும்னா ரெண்டு பேர் ஜாமீன் நிக்கணும். அதுவும் நீ எழுதினதுதான். ஒண்ணு நான்."

"ரெண்டாவது?"

சீனியர் குரலைத் தணித்தாள்.

"ட்ரிப்ஸ் உடனே கை தூக்கினா. கீழ போடுன்னுட்டேன். சைலன்ட்கூட எழுதிட்டா, அதிசயமா. அவளையும் வேண்டாம்னேன். வேலை போனவ சுருட்டை. அவ தூக்கட்டும். யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கா."

"யோசிக்கட்டும்" என்றாள் அக்கா.

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அரைவரி போட்டோ ஸ்டூடியோ உறை ஒன்றை நீட்டினான். காத்திருந்த நேரத்தில் நடுவே ஒருமுறை எழுந்துபோய் அச்சிட்டு வாங்கி வந்திருந்தான். விரிசல் விட்ட திரை, டேப்பின் பெயர், நேரம், பக்கத்தில் கடிகாரம்.

"வேலையை விட்டு நிறுத்தினது ஒட்டுப் படிச்சுத்தான்னு நிரூபிக்க இது போதும். வேலை போன மூணு பேரும் சேர்ந்து புகார் கொடுத்தா... இதை சுருட்டைகிட்ட..."

"சொந்தக்காரங்க வீட்ல தங்கியிருக்கா. நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்" என்றாள் அக்கா.

"இப்பவா? அவங்க உங்க மூஞ்சில கதவைச் சாத்தினா?" என்றாள் கொசுறு.

"சாத்தினா கதவுக்கு அடியில தள்ளிட்டு வெளிய நிப்பேன். பன்னிரண்டு மணி நேரம் நின்னே வேலை பாக்கறவ நான்."

பஸ் வந்தது. அக்கா ஏறி, ஜன்னலோர இருக்கையில் உறையை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். போனை அவள் வெளியே எடுக்கவே இல்லை.